வளர்வதும் வெடிப்பதும்

தலைவலி என்று வந்து உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எப்ப ஆரம்பிச்சது?" பொது மருத்துவப் பிரிவில் இத்தனை வருடம் இருந்ததில், இந்தக் கேள்விக்கு வரும் பதிலைவிட எனக்கு அதிகம் உதவிய கருவி வேறு இல்லை. ஒரு வீட்டம்மா சொல்வார்: "ரெண்டு மூணு மாசமாவே இவர் ஒரு மாதிரிதாங்க இருக்கார். காலையில எந்திரிச்சதும் தலைவலிங்கிறார், வாந்தி எடுத்தா கொஞ்சம் தேவலைங்கிறார். போன வாரம் கடைக் கணக்கைக் கூட்ட வரலை." பக்கத்தில் கணவர், பேச்சு தன்னைப் பற்றியது என்ற நினைப்பே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "சாயங்காலம் அஞ்சே கால். குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சேன். பின்மண்டையில யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி." முதல் வீட்டில் எந்த மாதம் என்பதே தெளிவில்லை. இரண்டாமவருக்கு நிமிஷம் தெரிகிறது.

முன்னவருக்கு மூளைக்கட்டி, பின்னவருக்கு மூளைத் தமனியில் இருந்த வீக்கம் வெடித்த ரத்தக்கசிவு என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் அடுத்து எந்தப் பரிசோதனை, எவ்வளவு அவசரம், யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருந்துதான் பிரிகிறது. இந்த இரண்டு நோய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இரண்டும் ஒரே மண்டையோட்டுக்குள் நடக்கின்றன. இரண்டையும் ஒரே ஸ்கேன் அறையில் தேடுகிறோம். பல இடங்களில் ஒரே அறுவை மருத்துவர்தான் இரண்டுக்கும் கத்தி எடுக்கிறார். ஆனாலும் ஒன்றைக் கண்டுபிடிக்கும் முறையை மற்றதில் அப்படியே செய்தால் ஆள் பிழைக்க மாட்டார்.

நம் பேச்சு வழக்கே இதில் கொஞ்சம் குழப்புகிறது. "கட்டி" என்கிறோம், சீழ்க்கட்டியும் கட்டிதான், புற்றுக்கட்டியும் கட்டிதான். அடுத்த கேள்வி உடனே வரும்: "கேன்சர் கட்டியா, சாதாக் கட்டியா?" மூளையைப் பொறுத்தவரை அந்தச் "சாதா"வை நம்பி நிம்மதியடைய முடியாது. மூளைத்தண்டை ஒட்டி வளரும் சாதாக் கட்டி, மூச்சும் விழுங்குதலும் நடக்கும் வழியை நெரித்துவிடும். தமனி வீக்கம் வெடித்தாலோ, ஊரில் "மூளையில நரம்பு வெடிச்சிடுச்சு" என்பார்கள். வெடிப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். அதிலும் இதயத்தின் அழுத்தத்தை நேரடியாக வாங்கும் தமனி. இந்த வேறுபாடு புரிந்தால், அந்த வலி ஏன் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிறது என்பதும் புரியும்.

மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. உள்ளே சுமார் 1,400 கிராம் மூளை, 150 மில்லி அளவில் மூளைத் தண்டுவட நீர், அதே அளவில் ரத்தம். புதிதாக ஒன்று உள்ளே இடம்பிடித்தால் இருப்பதில் ஒன்று வெளியேற வேண்டும். கட்டி மெல்ல வளரும்போது முதலில் நீர் ஒதுங்கித் தருகிறது, பிறகு சிரைகளில் உள்ள ரத்தம். மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வளர்ந்து, எலுமிச்சம்பழ அளவு வரும்வரை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதுண்டு. ஒதுங்க இடம் தீர்ந்த பிறகுதான் அழுத்தம் ஏறத் தொடங்கும், அதுவும் திடீரென்று ஏறும். காலை நேரத் தலைவலி, வாந்தி, கண்ணின் பின்திரையில் நரம்புத்தட்டு வீங்குவது எல்லாம் அப்போது வருகின்றன. பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்தக் காலைத் தலைவலி எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு வருவது சாதாரணத் தலைவலி போன்ற மந்தமான வலிதான். நாற்பது, ஐம்பது வயதில் வாழ்க்கையிலேயே முதன்முறையாக வலிப்பு வந்தால், அதைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்ப்பேன்.

கட்டியைவிட அதைச் சுற்றியுள்ள நீர்க்கோவை பெரிதாக இருப்பதுண்டு. கட்டிக்குள் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக மூடாதவை. அவற்றில் இருந்து கசியும் நீர் மூளையின் வெள்ளைப் பகுதியில் ஊறி நிற்கும். டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு ஒன்றிரண்டு நாளில், பெயர் சொன்னால் திரும்பாதவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். வீட்டார் கண்ணில் அது அதிசயம். கட்டி அப்படியேதான் இருக்கிறது, ஊறிய நீர் மட்டும் வடிந்திருக்கிறது என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்வது கடினமான வேலை.

தமனி வீக்கத்தின் கதை வேறு. மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போல அமைந்திருக்கின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் அது வில்லிஸ் வளையம். உடம்பின் மற்றத் தமனிகளுக்கு இருக்கும் வெளிப்புற மீள்படலம் மூளைத் தமனிகளுக்கு இல்லை, வெளிச்சுவரும் மெலிது. வளையத்தில் குழாய்கள் கிளை பிரியும் கவட்டில் ரத்தம் நாள்தோறும் மோதிக்கொண்டே இருக்கிறது. ஆற்று நீர் மோதும் கரை அரிப்பது போல அந்தக் கவட்டில் சுவரின் நடு அடுக்கு நைந்து, உள்ளடுக்கு வெளியே பிதுங்கி, காம்பில் தொங்கும் திராட்சை மாதிரி ஒரு பை உருவாகிறது. இது பிறவிக் கோளாறு என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். ஆனால் குழந்தைகளிடம் இது மிக அரிது. வயதோடு, புகையோடு, ரத்தக் கொதிப்போடு சேர்ந்து வருகிறது. சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. பரம்பரைச் சிறுநீரக நீர்ப்பை நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் இப்படி ஒரு பையோடு வாழ்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் சாப்பிட உட்கார்ந்தால் பதினைந்து பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதில்லை. வெடிப்பவருக்கு, தமனியின் முழு அழுத்தத்தோடு ரத்தம் சிலந்தி உறைக்கு அடியில் உள்ள நீரில் பாய்கிறது. பெட்டிக்குள் அழுத்தம் ஒரு கணம் தமனியின் அழுத்தத்தையே எட்டும்; அந்தக் கணத்தில் மூளைக்கு ரத்தம் போவதே நின்று ஆள் சரிகிறார். கட்டி மாதக்கணக்கில் செய்ததை இது நொடியில் செய்துவிடுகிறது, ஒதுங்க யாருக்கும் நேரம் தராமல். பத்தில் ஒருவராவது மருத்துவமனை வாசலைக் காணாமலே இறக்கிறார்.

இந்த இரண்டையும் உயிரோடு இருக்கும் ஆளிடம் பார்க்க மனிதர்கள் பட்ட பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி ஓர் இளைஞனின் மண்டையைத் திறந்து மூளைக்குள் இருந்த கிளையோமா என்ற கட்டியை எடுத்தார். படம் ஏதும் கிடையாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் பதினோரு ஆண்டு இருந்தது. ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர், இடது கையின் துடிப்பையும் பலவீனத்தையும் வைத்தே வலது மூளையில் இன்ன இடம் என்று குறித்துக்கொடுத்திருந்தார். கட்டி அங்கேயே இருந்தது. நான்கு வாரத்தில் நோய்த்தொற்றால் அந்த இளைஞன் இறந்துபோனான். 1918இல் பால்டிமோரில் வால்டர் டாண்டி, மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அறை நசுங்கியிருந்தால் அந்தப் பக்கம் கட்டி. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களைப் படமாக்கினார். அவர் தேடியதும் கட்டியைத்தான்: குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தள்ளுவது எங்கே இருக்கிறது என்று கணிக்க நினைத்தார். கட்டிக்காக வந்த அந்த ஆஞ்சியோகிராம்தான் பிறகு தமனி வீக்கத்தை நேருக்கு நேர் காட்டியது. இன்று கட்டிக்கு அது எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. வீக்கத்துக்கோ இன்னும் அதுதான் இறுதித் தீர்ப்பு. காற்றடைத்துக் கட்டி தேடிய அதே டாண்டி, 1937 மார்ச் 23 அன்று ஒரு வீக்கத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டு, உள்ளே ரத்தம் போகாமல் அடைத்தார். இந்தியாவில் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கியபோது கையில் இருந்தவை இவைதான்: காற்றுப் படம், ஆஞ்சியோகிராம், நோயாளியின் உடம்பில் தெரியும் குறிகள். லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவர் உருவாக்கிய சி.டி. ஸ்கேனர் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியைப் பார்த்தது. முன்மூளைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண் அவர்.

கருவிகள் பொதுவானாலும், எதைக் கண்டால் "இதுதான் நோய்" என்று கையெழுத்துப் போடுகிறோம் என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. கட்டிக்கு ஸ்கேன் சொல்வது யூகம்தான். மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வளையம் போல் ஒளிர்கிறது என்றால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அந்த இடத்தில் உடைந்து மருந்து கசிந்திருக்கிறது என்பது மட்டுமே உறுதி. கொடிய மூளைக்கட்டியான கிளையோபிளாஸ்டோமாவும் அப்படி ஒளிரும், நுரையீரலில் இருந்து பரவிய புற்றும் ஒளிரும், சீழ்க்கட்டியும் ஒளிரும், காசநோய்க் கட்டியும் ஒளிரும். பெயர் வைக்கத் திசு வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள் பேதாலஜி அறையில் நின்றிருந்தேன். அறுவை அரங்கில் இருந்து உப்புநீரில் நனைத்த துணித்துண்டின் மேல், அரிசிக் குருணை அளவில் சாம்பல் நிறத் துணுக்கு ஒன்று வந்தது. பேராசிரியர் அதன் ஓரத்தைக் கிள்ளிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டை மேலே அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். மூளைத்திசு அவ்வளவு மென்மை. கத்தி வேண்டியதில்லை, தேய்த்தாலே பரவிவிடும். சாராயத்தில் முக்கி, சாயத்தில் முக்கி, கழுவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தபோது சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. மெனிஞ்சியோமா என்றால் செல்கள் கட்டைவிரல் ரேகை போலச் சுருள் சுருளாக நிற்கும். அன்று வந்தது அது இல்லை. அளவும் வடிவமும் ஒன்றுபோல இல்லாத கருக்கள், நடுவில் செத்துப்போன திசு, தடித்துக் குமுறிய ரத்தக்குழாய். அவர் கண்ணை எடுக்காமலே இன்டர்காமைக் கேட்டு வாங்கி, அரங்கில் காத்திருந்தவரிடம் தாழ்ந்த குரலில் நான்கைந்து வார்த்தை சொன்னார். மண்டை திறந்திருக்க அங்கே ஒருவர் படுத்திருக்கிறார் என்பது அந்தக் குரலில் இருந்தது.

இப்போது நுண்ணோக்கியும் போதவில்லை. 2008இல் கிளையோமாக்களில் ஐ.டி.எச். மரபணு மாற்றம் தெரியவந்தது. அது இருப்பவர்கள் அது இல்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள். பழைய பாடத்தில், கிளையோமாக்களில் ஒரு வகையான ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்றால் ஆஃப்பாயில் மாதிரி, நடுவில் வட்டக் கருவும் சுற்றி வெளுப்பும் உள்ள செல்கள். அந்தத் தோற்றமே ஃபார்மலினில் ஊறியதால் வருவது. இன்று ஐ.டி.எச். மாற்றத்தோடு 1ஆம், 19ஆம் குரோமோசோம்களில் குறிப்பிட்ட ஒரு கை சேர்ந்து தொலைந்திருந்தால்தான் அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும் ஒரு கட்டியின் மரபணுவில் சில குறிகள் இருந்தால் அதைக் கிளையோபிளாஸ்டோமா என்றே எழுத வேண்டும். அந்தப் பெயர் எவ்வளவு கனம் என்றால், 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1.

தமனி வீக்கத்தில் பேதாலஜிஸ்டுக்கு வேலையே கிடையாது, பிரேதப் பரிசோதனை தவிர. அதில் ஊசி வைத்துத் துணுக்கு எடுக்க நினைத்தால் அந்தக் கணமே வெடிக்கும். அதன் சான்று ரத்த ஓட்டத்தின் வடிவம்தான்: பை எவ்வளவு அகலம், கழுத்து எவ்வளவு குறுகல், எந்தக் கவட்டில் இருக்கிறது. வெடித்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி.யில் ரத்தம் தப்புவது மிக அபூர்வம். மூளையின் அடியில் கறுப்பாக இருக்க வேண்டிய நட்சத்திர வடிவப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். நாள் ஆக ஆக அந்த வெள்ளை கரையும். ஒரு வாரம் கழித்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு சி.டி. ஒன்றும் காட்டாது. அப்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறோம். சுழற்றி வைத்த குழாயில் மேலே நிற்கும் நீர் தண்ணீர் மாதிரி இருந்தால் ஊசி குத்தியதால் வந்த ரத்தம். வைக்கோல் மஞ்சளாக இருந்தால் அது முன்பே சிந்திய ரத்தம். சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் நிறமியாக மாறப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் அந்தக் குழாயைப் பிடித்து, பக்கத்தில் தண்ணீர்க் குழாயையும் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்த இரவுகள் எனக்கு உண்டு. பிறகு ஆஞ்சியோகிராம். சுமார் 15 சதவீதம் பேருக்கு முதல் ஆஞ்சியோகிராமில் எதுவும் தெரியாது. சில நாள் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டும் ஒன்றின் முகமூடியை மற்றொன்று போட்டுக்கொண்டு வரும் இடங்கள்தான் உண்மையில் ஆபத்து. 25 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த ராட்சத வீக்கம் அழுத்தும், வலிப்பு தரும், கண்பார்வையைக் குறைக்கும். ஒரு கட்டி செய்வதை எல்லாம் செய்யும். உள்ளே வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக ரத்தம் உறைந்திருந்தால் ஸ்கேனிலும் கட்டி போலவே இருக்கும். அது பிட்டியூட்டரி சுரப்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிட்டியூட்டரி கட்டி என்று மூக்கு வழியாகப் போய்த் தொட்டால் நடப்பதை எழுத எனக்கு மனமில்லை. அதனால்தான் அந்த இடத்துக் கட்டி என்றால் அறுவைக்கு முன் ரத்தக்குழாய்களையும் பார்த்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், பிட்டியூட்டரி கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்தால் இடி விழுந்த மாதிரித் தலைவலி, வாந்தி, கண் மறைப்பு என்று வெடித்த வீக்கத்தைப் போலவே வரும். மெலனோமா, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் இருந்து மூளைக்குப் பரவும் புற்றும் ரத்தம் கசியும் குணம் கொண்டது. கசிந்த ரத்தத்துக்கு அடியில் கட்டி ஒளிந்துகொள்ளும்.

கட்டியே இல்லாதது கட்டியாகத் தெரிவதும் நம் மண்ணில் அதிகம். வலிப்போடு வரும் இளைஞர்களின் சி.டி.யில் ஒளிரும் சின்ன உருண்டையைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த காலம் உண்டு. 1990 வாக்கில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அவற்றில் திசு எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி அழிவதால் உண்டாகும் கரணைகள் என்று தெரிந்தது. 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக, மூளையை நடுவில் இருந்து தள்ளாமல் இருந்தால், வலிப்பு மருந்து மட்டும் கொடுத்து ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், பல தானாகவே மறையும் என்று அவர்கள் காட்டினார்கள். எத்தனையோ மண்டையோடுகள் அதனால் திறக்கப்படாமல் தப்பின. தமிழ்நாட்டு மருத்துவத்தின் பெருமைகளில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

கண்டுபிடித்த பிறகான அவசரமும் வேறு. கட்டிக்கு, பெரும்பாலும், யோசிக்க நாள் இருக்கிறது. லிம்ஃபோமா என்ற வகைப் புற்றோ என்ற சந்தேகம் இருந்தால் ஸ்டீராய்டைக்கூட முடிந்தவரை நிறுத்திவைத்துத் திசு எடுப்பார்கள், ஏனென்றால் ஸ்டீராய்டில் அது கரைந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். வெடித்த வீக்கம் மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். அடைத்துவிட்டாலும் மூன்றாம் நாளில் இருந்து இரண்டாம் வாரம் வரை தமனிகள் சுருங்கி மூளைக்கு ரத்தம் குறையலாம்; அதற்காக நிமோடிபின் மாத்திரை 21 நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுப்பி. தொடைத் தமனி வழியாகப் போய்ப் பையைப் பிளாட்டினச் சுருளால் நிரப்பும் முறையை குய்தோ குக்லியெல்மி 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இன்று பலருக்கு மண்டையைத் திறக்காமலே வேலை முடிகிறது.

வீக்கம் வெடித்த பிறகும் சைனஸ், ஒற்றைத் தலைவலி, கழுத்துப் பிடிப்பு என்று வலிமாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்ட ஓர் அம்மாள் இரண்டாம் நாள் நினைவிழந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் கெட்ட மருத்துவர் இல்லை. அந்த ஒரு கேள்வியை அன்று கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் அந்த அம்மாள் நிமிஷத்தைச் சொல்லியிருப்பார்.

வெடிக்காத வீக்கத்தை வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் காட்டிக்கொடுப்பது இப்போது அதிகமாகிவிட்டது. போன மாதம் தலைசுற்றலுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்த ஒரு பெண், 4 மில்லிமீட்டர் என்று எழுதிய ரிப்போர்ட்டைப் பையில் இருந்து எடுத்துப் பிரித்து, மடித்து, திரும்பவும் பிரித்தார். சிறியது, முன்பக்கத் தமனியில் இருக்கிறது, பிரஷரைக் கட்டுக்குள் வைப்போம், ஆறு மாதம் கழித்துப் படம் எடுப்போம் என்று விளக்கினேன். எழுந்தவர் நின்று கேட்டார்: "என் தங்கச்சிக்கும் பாக்கணுமா டாக்டர்?" குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து, அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இல்லைங்க. எனக்குப் பதினாலு வயசு. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. 'ஐயோ தலை'ன்னு ஒரே ஒரு சத்தம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

தங்கையின் பெயரையும் வயதையும் கேட்டு, அவருக்கு ஒரு ஸ்கேன் சீட்டு எழுதினேன்.